விழுந்தும் பறந்தவர்

விமானம்னாலே நமக்கு ரைட் சகோதரர்கள் ஞாபகம் வரும். நம்ம நாட்டில் யாருன்னு கேட்டால் ஜே.ஆர்.டி. டாட்டா. அவர் லைசென்ஸ் வாங்கியது 1929-ல். அதற்கு 12 வருஷம் முன்பே ஒரு வங்காளத்து இளைஞர் போர் விமானம் ஓட்டியிருக்கிறார் நண்பர்களே! பெயர் இந்திரலால் ராய்.

1898 டிசம்பர் 2-ல் கல்கத்தாவில் பிறந்தவர். படித்தது லண்டனில். முதல் உலகப் போர் சமயம், விமானப் படையில் சேரப் போனால் கண்பார்வை சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆள் விடவில்லை. தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் டாக்டரிடம் காட்டி, பார்வை சரி என்று எழுதி வாங்கி வந்தாராம். 1917 ஏப்ரலில் பயிற்சி. அக்டோபரில் பிரான்சில் 56-வது ஸ்குவாட்ரன். ஆறே மாசம்தான்!

கிடைத்த வண்டி எஸ்.இ.5ஏ. மரச்சட்டம், மேலே துணி, இழுத்துக் கட்ட கம்பி, முன்னால் சுமார் 200 குதிரைத்திறன் இன்ஜின். ஒரே சீட். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர மாஸ்டருக்கு இடமில்லை. தனியாக ஏறித்தான் கை பழகணும். பாராசூட்டும் கிடையாது.

அந்த வருஷக் கடைசியில் வண்டி தரையில் மோதி நொறுங்கியது. பலத்த காயம். செத்துட்டார்னு பிணவறையில் போட்டுவிட, நினைவு திரும்பிக் கதவைத் தட்டினார் என்று ஒரு கதை உண்டு. நம்புவது உங்கள் இஷ்டம்! ஆனால் இனிமேல் பறக்கத் தகுதியில்லை என்று டாக்டர்கள் எழுதியது நிஜம்.

படுக்கையில் கிடந்த மாசங்களில் என்ன செய்தார் தெரியுமா? விமானப் படங்களாக வரைந்து தள்ளினார். (டிராயிங் ஷீட்டைக் கண்டாலே கேன்டீனுக்கு நழுவும் ஆசாமிகள் கவனிக்க!) அந்தப் படங்கள் பல இன்றும் இருக்கின்றன. மேலதிகாரிகளை விடாமல் நச்சரித்து, 1918 ஜூனில் 40-வது ஸ்குவாட்ரனில் மறுபடி ஏறிவிட்டார். விழுந்த அதே ரக வண்டியில்.

ஜூலையில், 13 நாளில் 10 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. ஐந்தைத் தொட்டால் ஏஸ் என்பார்கள். இந்தியரில் முதல் ஏஸ் இவர்தான். வெள்ளைக்காரன் சண்டையில் நம்மாளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பையனுக்குப் பறக்க அன்று வேறு வண்டி ஏது?

ஜூலை 22, நம்ம ஊரில் ஆடித்தபசுக்குக் கூட்டம் சேரும் ஆடி மாசம். பிரான்சில் கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மானிய ஃபாக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் அவர் வண்டி சுட்டு வீழ்த்தப்பட்டது. வயசு 19. நம்ம மூன்றாம் வருஷப் பையன்கள் வயசு. செப்டம்பரில் டி.எஃப்.சி. பதக்கம் அறிவித்தார்கள்; வாங்க அவர் இல்லை. 1998-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. கல்லறை எஸ்தெவெல் என்ற பிரெஞ்சு கிராமத்தில் இருக்கிறது.