தலைக்கவசம் தந்த மருத்துவர்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கை கால் முறிந்தால் மீண்டும் கூடும். தலையினுள் இருக்கும் மூளை சிதைந்தாலோ மனிதனின் நினைவும் சொல்லும் குணமும் ஒருசேர ஆட்டம் காண்கின்றன. அத்தகைய மூளையைக் காப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட பெருந்தகை சர் ஹியூ கெய்ர்ன்ஸ் ஆவார்.

ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்னும் துறைமுக நகரில் 1896ஆம் ஆண்டு கெய்ர்ன்ஸ் பிறந்தார். 1917இல் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார். மூளை அறுவை மருத்துவம் அந்நாளில் தவழும் குழந்தையாகவே இருந்தது. அத்துறையின் தந்தையெனப் போற்றப்படும் ஹார்வி குஷிங் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றி வந்தார். 1926இல் அவரை நாடிச் சென்று ஓராண்டு பயின்று திரும்பிய கெய்ர்ன்ஸ், இலண்டனில் மூளை அறுவையையே தம் தனித்துறையாக அமைத்துக்கொண்டார்.

அவர் வாழ்வில் திருப்பத்தை உண்டாக்கியது ஒரு சாலை விபத்து. முதல் உலகப் போரின்போது அராபியருடன் சேர்ந்து பாலைவனத்தில் போரிட்டு, அரேபியாவின் லாரன்ஸ் என்று பெயர் பெற்றவர் டி. இ. லாரன்ஸ். 1935 மே 13ஆம் நாள் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் அவர் மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்துகொண்டிருந்தார். எதிர்ப்பட்ட இரு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பியவர் தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. அவரைக் காக்க அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் கெய்ர்ன்ஸும் ஒருவர். ஆறு நாள்கள் நினைவு திரும்பாமலே கிடந்து, மே 19ஆம் நாள் தமது 46ஆம் வயதில் லாரன்ஸ் உயிர் நீத்தார்.

தேர்ந்த மருத்துவர்கள் சூழ்ந்திருந்தும் அவ்வுயிரைக் காக்க இயலாமற்போனது ஏன்? தலைக்காயத்தில் இருவகைக் கேடுகள் உள்ளன. மோதிய நொடியிலேயே மூளை குலுங்கி, நரம்பிழைகள் அறுபடுவது முதற்கேடு. அதனை எந்தக் கத்தியாலும் எந்த மருந்தாலும் மாற்ற இயலாது. அதன் பின்னர் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் தொடர்வது இரண்டாம் கேடு. மண்டையோட்டினுள் குருதி கட்டுகிறது, மூளை வீங்குகிறது, விரிய இடமின்றி அழுத்தம் ஏறுகிறது, மூச்சுத் தடையால் உயிர்வளி குறைகிறது, திறந்த காயமாயின் சீழ் பிடிக்கிறது. மருத்துவரின் போராட்டம் பெரிதும் இவ்விரண்டாம் கேட்டுடனேயே. முதற்கேட்டைத் தடுக்க வேண்டுமாயின் விபத்திற்கு முன்னரே தலையைக் காத்தல் வேண்டும். கெய்ர்ன்ஸின் பிற்காலப் பணிகள் பலவும் இவ்விரு முனைகளிலும் நடந்தவையே.

1937இல் ஆக்ஸ்போர்டில் அறுவை மருத்துவப் பேராசிரியராக அமர்ந்த அவர், இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இராணுவத்தின் மூளை அறுவை ஆலோசகரானார். போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டிஷ் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் சென்றோர் 2,279 பேர் மாண்டதை 1941இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்தவர்களுள் கவசம் அணிந்திருந்தோர் எழுவரே. அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. சிறிய எண்ணிக்கைதான், எனினும் அது உணர்த்திய உண்மை பெரிது. அவ்வாண்டு நவம்பரிலேயே பணியிலிருக்கும் மோட்டார் சைக்கிள் வீரர் யாவரும் கவசம் அணிய வேண்டுமென்று இராணுவம் ஆணையிட்டது. சாவுகள் குறையலாயின.

மறுமுனையிலும் அவர் ஓயவில்லை. காயமுற்றோரை மருத்துவமனைக்குக் கொண்டுவரக் காலம் கடப்பதைக் கண்டு, அறுவைக்கூடத்தையே ஊர்தியில் ஏற்றிப் போர்முனைக்கு அருகில் அனுப்பினார். 1943இல் ஹோவர்ட் புளோரியுடன் வட ஆப்பிரிக்கா சென்று, புதிதாக வந்த பெனிசிலினைத் தலைக்காயங்களுக்குப் பயன்படுத்தினார். ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கிய தலைக்காய இராணுவ மருத்துவமனையில் போர்க்காலத்தில் ஏறத்தாழ 13,000 பேர் சிகிச்சை பெற்றனர். உயிர் பிழைத்ததோடு பணி முடிந்தது என அங்கு எவரும் எண்ணவில்லை. இழந்த பேச்சையும் நடையையும் தொழிலையும் மீட்கும் பயிற்சிகள் அளிக்கப்பட்டன. அம்மருத்துவமனையில் இருந்தோரின் நிலை போருக்குப் பின்னரும் பல்லாண்டுகள் ஆராயப்பட்டது.

1946இல் சர் பட்டம் பெற்ற கெய்ர்ன்ஸ், 1952இல் தமது 56ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். மோட்டார் சைக்கிளில் செல்வோர் அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்னும் சட்டம் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது 1973இல்தான். விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதனை வற்புறுத்துகிறது. ஆயினும் கவசத்தை வண்டியில் தொங்கவிட்டு, காவலரைக் கண்டதும் தலையில் ஏற்றும் மாணவச் செல்வங்களை அன்றாடம் காண்கிறோம். தண்டத்தொகைக்கு அஞ்சி அணிவதன்று அது. அறுபட்ட பின் எவராலும் ஒட்டவைக்க இயலாததைக் காப்பதற்கு அணிவது. பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தலைக்காயத்திலிருந்து மீண்ட பிள்ளை மறதியும் சினமும் கொண்டவனாக மாறியிருப்பின், அதனைத் தீக்குணமென்று ஒதுக்காதீர்கள். அது காயத்தின் எச்சம். பொறுமையும் பயிற்சியும் வேண்டுவது.

லாரன்ஸைக் காக்க இயலாத மருத்துவர், தாம் முகமறியாத பல்லாயிரம் இளைஞரைக் காத்தார். அவர் நீட்டிய கவசத்தை அணிந்துகொள்வது நம் கடமையாகும்.