முத்தைத் தேடியவர் கண்ட சிற்றுயிர்கள்

புத்தளத்துக் கடற்கரையிற் சிலாபம் என்றோர் ஊர் உண்டு. முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல்லே அவ்வூர்ப் பெயராய் மருவிற்று என்று கருதுவோர் உளர். அக்கடலிலிருந்து வடக்கே மன்னார் வரை ஆங்காங்கே கிடந்தவை இலங்கையின் முத்துப்பார்கள். 1837க்குப் பின் பதினேழு ஆண்டுகள் அவை பொய்த்துவிட்டன. 1855இலேதான் மீண்டும் குளிப்பு நடந்தது. சிப்பி எவ்வாறு வளர்கிறது, ஏன் மறைகிறது என்று ஆராயும் பணியை அரசினர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் என்னும் மருத்துவரிடம் ஒப்படைத்தனர்.

இலங்கைப் பறங்கியர் குடியில் 1819இல் பிறந்தவர் அவர். எடின்பரோவில் மருத்துவம் கற்றார். படை மருத்துவராய் ஜிப்ரால்டரில் இருந்த காலத்தில் அவ்விடத்துச் செடிகொடிகளைப் பற்றி எழுதிய நூல் 1846இல் வெளிவந்தது. தாயகம் மீண்டபின் அவர் நோக்கு விலங்குகள்பாற் சென்றது. இலங்கை விலங்குகளைத் தொகுத்துரைத்த அவரது நூல் 1852இல் வெளியாயிற்று. விரல் நீளமே உள்ள ஒரு மலைக்காட்டுப் பல்லிக்கு அதிற் கண்டியின் பெயரைச் சூட்டினார்.

இத்தகைய கண்ணுடையவரிடம் முத்துச்சிப்பி அகப்பட்டது நற்பேறே. திருகோணமலையிற் சிப்பிகளைக் கடல்நீர்க் கலங்களில் இட்டு நோக்கிவந்தார். பாறையைப் பற்றிய தன் நாரைச் சிப்பி தானே விடுத்து, நகர்ந்து, வேறிடத்திற் புதுநார் ஊன்றவல்லது என்று கண்டார். ஆகவே ஒரு பாரிலிருந்து இன்னொன்றுக்குச் சிப்பியைப் பெயர்த்து வளர்க்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. சிப்பிக்குள் வாழும் நுண்புழுக்களே முத்துக்கு வித்தாகலாம் என்றும் ஐயுற்றார்.

அரசினர் கேட்டது முத்து. அவரோ ஓடற்ற கடல் நத்தைகளிலும் உள்ளம் பறிகொடுத்தார். பாலாடை நிறத்தில் செம்மஞ்சட் புள்ளிகள் கொண்ட ஒன்றுக்கு இலங்கையின் பெயரை இட்டார். வெண்மேனியிற் கருவளையங்கள் கொண்ட மற்றொன்றுக்கு ஈமத்துக்குரியது எனப் பொருள்படும் ‘ஃபூனெப்ரிஸ்’ என்ற பெயரை 1859இல் இட்டார். அந்த நத்தையிலிருந்து ஜோருமைசின் என்னும் புற்றுநோய் எதிர்ப்பொருளை இந்திய, இத்தாலிய ஆய்வாளர் பிரித்தெடுத்த செய்தி 2000இல் வெளிவந்தது.

பெயரிட்ட மறுஆண்டே, 1860 ஆகஸ்ட் 31இல், இங்கிலாந்து நோக்கிய கப்பலில் அவர் இறந்தார். அகவை நாற்பதுதான்.

இந்நத்தைகளைச் சாராயத்தில் இட்டால் நிறம் போய்விடும்; உருவமும் சுருங்கிவிடும். உயிரோடிருக்கையில் தீட்டிய படமே சான்று. கெலார்ட்டின் அச்சுக்குறிப்புகளோ மிகச் சுருக்கமானவை. படங்கள் அவற்றோடு அச்சேறவில்லை. அவர் கண்டவை எவை என்று பின்வந்தோர் திகைத்தனர். அப்படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகர அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றை ஆராய்ந்து 1906இல் எழுதியவர் சார்லஸ் எலியட். இந்து, பௌத்த சமயங்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய அதே எலியட்தான். குறிப்பும் படமும் ஒன்றுசேர, பல பெயர்கள் ஐயத்தினின்று மீண்டன. கடலுயிர்ப் பட்டியல்களில் அந்நத்தைகளின் பெயருக்குப் பின்னே இன்றும் கெலார்ட் 1858, கெலார்ட் 1859 என்று அச்சாகிறது.