சலங்கை கட்டிய வக்கீல்

ஒக்கலிபுரத்தில் ஒரு குமாஸ்தா வீட்டுப் பெண் கல்லூரி விட்டு வந்ததும் நாட்டிய வகுப்புக்குக் கிளம்பினால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரங்கேற்றம் என்றால் அழைப்பிதழ் அச்சடித்து உற்றார் உறவினரைக் கூப்பிடுகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை அதுவல்ல. பரதநாட்டியம் என்ற பெயரே அப்போது பரவலாக வழங்கவில்லை. சதிர் என்றார்கள், சின்ன மேளம் என்றார்கள். குடும்பப் பெண் காலில் சலங்கை கட்டுவதை நினைத்துப் பார்க்கவும் கூசினார்கள்.

அந்தக் கூச்சத்தை உடைக்க முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஈ. கிருஷ்ணய்யர். தொழில் வக்கீல் தொழில். ஆனால் அவர் வாதாடிய பெரிய வழக்கு கோர்ட்டுக்கு வெளியே நடந்தது.

1897 ஆகஸ்ட் 9-ம் தேதி, தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். அம்பாசமுத்திரம் உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படித்து, சென்னை ஐகோர்ட்டில் வக்கீலானார்.

பெண் வேடம்

அந்நாளில் சென்னையில் படித்தவர்களின் நாடக மேடையாக விளங்கியது சுகுண விலாச சபை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கியது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அங்கே வேடம் கட்டினார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்றார்கள். கிருஷ்ணய்யருக்குப் பெண் வேடம் பொருந்தி வந்தது. சங்கீதமும் கற்றிருந்தார். ஆனால் பெண் வேடத்துக்குப் பாட்டு மட்டும் போதவில்லை, ஆட்டமும் தேவைப்பட்டது.

பட்டம் வாங்கிய மனிதர் மறுபடியும் மாணவரானார். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் பாகவத மேளாவைக் காத்து வந்த நடேசய்யர் அவருக்கு ஆசானாக அமைந்தார்.

சட்டப் புத்தகத்தைப் போல் இந்தப் படிப்பை இரவில் கண் விழித்து நெட்டுருப் போட முடியாது. அரைமண்டியில் நின்று, தட்டுக்கழியின் ஓசைக்குக் கால் தட்ட வேண்டும். ஒரே அடவை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கால் வலிக்கும், தொடை நடுங்கும். கால் தாளத்தில் நின்ற பிறகுதான் கை பேசும், கண் பேசும். ஒத்திகையில் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்துதான்.

கற்றதோடு அவர் நிற்கவில்லை. பெண் வேடத்தில் மேடையேறி ஆடியும் காட்டினார். ஐகோர்ட் வக்கீல் சேலை கட்டிச் சலங்கையோடு ஆடுவதென்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆனாலும் இழிவு கலையில் இல்லை என்று அவர் சொன்னபோது, அது கேள்விப்பட்டவர் பேச்சாக இல்லை. ஆடிப் பார்த்தவர் பேச்சாக இருந்தது.

இரு தரப்பு நியாயம்

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடிக் கொண்டிருந்தார். அவருடைய தாயார் அந்த மரபில் வந்தவர். ஆகவே அந்தப் பெண்களின் துன்பம் அவருக்கு ஏட்டுச் செய்தி அல்ல. சதிர்க் கச்சேரியை ஆதரிப்பது அந்த வழக்கத்தையே ஆதரிப்பதாகும் என்று அவர் கருதினார். தீமையை ஒழியுங்கள், கலையை விட்டுவிடுங்கள் என்பது கிருஷ்ணய்யரின் கட்சி. 1932 கடைசியில் இருவரும் பத்திரிகைகளில் கடிதம் எழுதி வாதிட்டார்கள்.

1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிச் சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதன் செயலாளர்களில் ஒருவரான கிருஷ்ணய்யர், 1931 மார்ச்சில் கல்யாணியின் புதல்விகளான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரையும் அகாடமி மேடையில் ஆட வைத்தார். அப்போது கூட்டம் அதிகமில்லை. 1933 ஜனவரியில் அவர்கள் மறுபடி ஆடியபோது, கடிதப் போரின் பயனாக ஊரே ஆவலோடு பார்த்தது.

அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அந்த ஆட்டத்தில் மனம் பறிகொடுத்த ருக்மிணி தேவி, பின்னர் அவரிடமே பாடம் கேட்டு 1935-ல் அடையாறில் மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்திரா தோன்றியது.

இந்த அலை பெங்களூரையும் தொட்டது. இங்கே பிறந்த ராம் கோபாலும், இங்கே கல்லூரியில் வேதியியல் கற்பித்த யு.எஸ். கிருஷ்ணராவும் பந்தநல்லூர் ஆசானிடமே பயின்றார்கள். வக்கீல் கட்டிய சலங்கையைப் பேராசிரியரும் கட்டிக் கொண்டார்.

தீராத கடன்

இந்த வெற்றியில் ஒரு வேதனையும் உண்டு. கலை மானம் பெற்றது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களுக்கு அந்த மானத்தில் உரிய பங்கு கிடைக்கவில்லை. 1947-ல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்து ஒரு கொடுமைக்கு முடிவு கட்டியது. ஆனால் அந்தக் குடும்பத்துப் பெண்கள் பலர் அதற்கு முன்பே மேடையை விட்டு ஒதுங்கத் தொடங்கியிருந்தார்கள். பாலசரஸ்வதி போன்ற சிலரே நிலைத்து நின்றார்கள். கிருஷ்ணய்யர் திறந்த கதவு வழியே முதலில் உள்ளே வந்தவர்கள் கல்யாணியின் பெண்கள். பின்னால் அதில் நிறைந்தவர்களோ மற்ற வீட்டுப் பிள்ளைகள்.

1943 வரை வக்கீல் தொழில் நடத்திய கிருஷ்ணய்யர், அதன் பின்னும் இசைக்கும் கூத்துக்கும் உழைத்தார். 1966-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 1968 ஜனவரியில் காலமானார்.

இன்று ஒரு மாணவி அரைமண்டியில் நின்று முதல் அடவைத் தட்டும்போது, அந்த அடவு யாரிடமிருந்து வந்தது என்பதையும் ஆசிரியர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ராஜலட்சுமி, ஜீவரத்தினம் என்ற இரு பெயர்களையும், ஊரார் சிரித்ததைப் பொருட்படுத்தாமல் தானே சலங்கை கட்டிய ஒரு வக்கீலின் பெயரையும் அந்தப் பிள்ளை தெரிந்து கொள்ளட்டும்.