வாஷிங்டன் வெட்டிய வாய்க்கால்

ஜார்ஜ் வாஷிங்டன் என்றதும் ராணுவ உடையும் டாலர் நோட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். சிவில் படிக்கிற எனக்கு அவர் முதலில் ஒரு சர்வேயர். 1732-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். காலேஜ் படிப்பு கிடையாது. 17 வயதிலேயே கல்பெப்பர் கவுண்டியின் சர்வேயராகி, செயினும் காம்பஸுமாகக் காடு மேடெல்லாம் அளந்தார். நம்ம ஆளு!

மலைக்கு அப்பால் குடியேறியவர்களின் சரக்கு பொட்டோமாக் ஆற்று வழியே வந்தால்தான் புது நாடு பிரியாமல் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. சுதந்திரப் போர் முடிந்ததும், 1784-ல் குதிரையேறி மேற்கே போய் வழி பார்த்து வந்தார். 1785-ல் பொட்டோமாக் கம்பெனி பிறந்தது. அவரே முதல் தலைவர். அதே வருஷம் வர்ஜீனியாவும் மேரிலாந்தும் இந்த ஆற்றுப் போக்குவரத்துக்காக அவர் வீட்டில் கூடிப் பேசியதுதான், படிப்படியாக 1787-ல் அரசியல் சட்டம் எழுதிய மாநாடு வரை போனது.

வேலை சாமானியமா? கிரேட் ஃபால்ஸில் ஆறு சுமார் 76 அடி இறங்குகிறது. அதைச் சுற்றி வாய்க்கால் வெட்டி ஐந்து லாக் கட்டணும். லாக் என்றால் இரு முனையிலும் கதவு வைத்த தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை வடியவிட்டால் படகு மெல்ல இறங்கும். பாறையைக் கருமருந்து வைத்துப் பிளந்தார்கள். கூலியாட்களோடு ஒப்பந்த அடிமைகளும், முதலாளிகளிடம் வாடகைக்கு எடுத்த கறுப்பின அடிமைகளும் உழைத்தார்கள். ஓடிப் பிடிபட்ட ஒப்பந்தக்காரர்களின் தலையை மழித்தார்களாம். விடுதலைக்குப் போராடியவரின் கம்பெனியில் இப்படியா என்று மனசு நெருடத்தான் செய்கிறது.

வர்ஜீனியா அரசு இந்தக் கம்பெனியில் 50 பங்குகளை அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், ஒரு தேசியப் பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதினார். அந்தப் பல்கலைக்கழகம் வரவே இல்லை.

1799 டிசம்பர் 14-ல் வாஷிங்டன் இறந்தார். கிரேட் ஃபால்ஸ் லாக்குகள் முடிந்ததோ 1802-ல்! மாவு, விஸ்கி, இரும்பு ஏற்றிய படகுகள் இறங்கின. ஆனால் ஆற்று நீரையே நம்பிய டிசைன் அது. கோடையில் தண்ணீர் இல்லை, மழையில் வெள்ளம். வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம்தான் ஒழுங்காகப் படகு ஓடியது. 1828-ல் எல்லாவற்றையும் செசபீக்-ஒஹாயோ கால்வாய்க் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். புதியவர்கள் ஆற்றை நம்பாமல், பக்கத்திலேயே தனிக் கால்வாய் வெட்டினார்கள்.

வர்ஜீனியாவின் கிரேட் ஃபால்ஸ் பூங்காவில் அந்த லாக் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கல் கொத்தியவர்கள் செதுக்கிய அடையாளக் குறிகளைக்கூடப் பார்க்கலாம்.