டாக்டர் ஏக்ராய்டு: பசியைக் கணக்கெடுத்த வைத்தியர்

ஒரு தேசத்தின் ஐசுவரியம் அதன் பொக்கிஷத்தில் இல்லை. அத்தேசத்துக் குழந்தைகளின் எலும்பிலும் இரத்தத்திலும் இருக்கிறது. இவ்வுண்மையை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடலிலேயே ஆராய்ந்து உலகறியச் செய்தவர் டாக்டர் வாலஸ் ஏக்ராய்டு. அவர் அந்நிய ஆட்சியின் கீழ் உத்தியோகம் வகித்தவர். எனினும் அவர் எடுத்த கணக்கு அவ்வாட்சிக்கு எதிரான சாட்சியாகவே முடிந்தது. அதனால் அவர் வரலாறு தேசாபிமானிகள் அறியத்தக்கது.

1899ல் பிறந்த ஏக்ராய்டு, டப்ளின் டிரினிட்டி கலாசாலையில் வைத்தியம் பயின்றார். நியூபவுண்ட்லாந்து மீனவர்கள் தீட்டிய வெள்ளை மாவையே நம்பிப் பெரிபெரி நோய்க்கு ஆளாவதை அங்கு சென்று ஆராய்ந்தார். பின்னர் ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பகுதியில் பணியாற்றி, பிரெஞ்சு அறிஞர் பர்னேயுடன் சேர்ந்து, ஆகாரமும் பொதுஜன சுகாதாரமும் பற்றிய அறிக்கையை 1935ல் வெளியிட்டார். அதே வருஷம், ஸர் ராபர்ட் மக்காரிஸனுக்குப் பின் குன்னூர் போஷணை ஆராய்ச்சிசாலையின் தலைவரானார்.

குன்னூரில் அவர் எலிகளோடு நின்றுவிடவில்லை. ராஜகோபால், கிருஷ்ணன் முதலிய இந்திய ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தார். உயரமும் எடையும் குறைந்திருத்தல், சொரசொரத்த தவளைத் தோல், வாயோரப் புண், கண்ணின் வெண்பகுதியில் வறண்ட புள்ளிகள் ஆகிய அடையாளங்களைப் பதிவு செய்தார். இவை விதியின் குறிகளல்ல, ஆகாரக் குறையின் குறிகளே என்று காட்டினார். கொழுப்பு நீக்கிய பாலைச் சில பிள்ளைகளுக்கு நாள்தோறும் கொடுத்து, அது பெறாத பிள்ளைகளோடு ஒப்பிட்டார். பால் பெற்றவர்கள் உயரத்திலும் எடையிலும் முந்தினர். அளித்தால் வளரும் குழந்தை அளிக்காமையால் குன்றுகிறது என்பது இதனால் ஐயமற விளங்கிற்று.

சிசுக்களைப் பற்றிய அவர் ஆராய்ச்சி இன்னும் உருக்கமானது. அரிசி ஆலை, தவிட்டோடு சேர்த்து பி1 என்னும் உயிர்ச்சத்தையும் அகற்றிவிடுகிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டுவந்த வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. தாயின் உணவில் இச்சத்துக் குறைந்தால் அவள் பாலிலும் குறையும். பாலன்றி வேறு ஆகாரமறியாத சிசு அதனால் மடியும். அப்பகுதியின் சிசு மரணங்களைக் குறித்து 1941ல் அவர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். நெல்லை அவித்து உலர்த்தும்போது இச்சத்து அரிசிக்குள்ளேயே ஊறி நிற்கிறது. ஆகவே நம் பாட்டிமார் கைமுறையான புழுங்கலரிசியின் பெருமையை விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டது. 1934ல் தோன்றிய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் மூலம் காந்தியடிகள் கைக்குத்தலரிசியை வற்புறுத்தியது எத்துணைத் தீர்க்கதரிசனம் என்பதும் இங்கே விளங்கும்.

1937ல் அவர் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை, பின்னர் டாக்டர் கோபாலன் முதலியோரால் விரிவாக்கப்பெற்று, 1971ல் புதிய நூலாக வந்தது. ஆனால் அட்டவணை அன்னமாகாது. 1943ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். 1944ல் அமைந்த விசாரணைக் கமிஷனில் ஏக்ராய்டும் ஓர் அங்கத்தினர். மாண்டோர் பதினைந்து லட்சம் என்று கமிஷன் கணித்தது. அக்கணக்குக்குப் பொறுப்பாயிருந்த அவரே, 1974ல் எழுதிய நூலில், அது குறைவான மதிப்பீடு என்று ஒப்புக்கொண்டார். அமர்த்தியா சென் 1981ல் சுமார் முப்பது லட்சம் என்று கணித்தார். சாலையோரத்தில் விழுந்த பிணத்தைப் பதிவேட்டில் எழுதுவோர் யார்? தன் கணக்கையே திருத்தத் துணிந்தவனை நாணயமானவன் என்போம். அறிவு இருந்தும் அன்னம் வராதபடி செய்த ஆட்சியை என்னென்பது!

1946 முதல் 1960 வரை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தில் போஷணைப் பகுதியின் தலைவராயிருந்த ஏக்ராய்டு 1979ல் காலமானார். குன்னூர் ஆராய்ச்சிசாலை 1958லேயே ஹைதராபாத்துக்கு மாறிவிட்டது.

குழந்தைக்கு எது வேண்டும் என்பது அன்றே தெரிந்திருந்தது. கொடுக்க மனமுள்ள ஆட்சி இல்லை. சுயராஜ்யம் வந்தபின் 1956ல் காமராஜர் அரசு மதிய உணவை மாநிலமெங்கும் தொடங்கிற்று. 1982ல் சத்துணவு, 2022ல் காலை உணவு எனத் திட்டம் வளர்ந்தது. எனினும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமின்றி நிற்கிறது. பழி சுமத்த இன்று வெள்ளையன் இல்லை. சிட்லபாக்கத்திலும் தாம்பரத்திலும் தேசத்தொண்டு செய்ய விரும்பும் வாலிபர்கள் மேடையைவிட்டு இறங்கி, தம் தெருவின் அங்கன்வாடிக்குச் செல்லட்டும்; எடை குறைந்த குழந்தைகள் எத்தனை, வரவேண்டிய ஆகாரம் வருகிறதா என்று கேட்கட்டும். குழந்தையின் எடை குறித்த ஏடு, தேர்தல் ஜாபிதாவைவிட முக்கியமான தேசிய தஸ்தாவேஜு.