மறைத்த பெயரும் நிலைத்த பெயரும்

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870ஆம் ஆண்டு பிறந்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1892இல் பி.ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மை பெற்றார். ஆங்கிலம் கற்றோர் தமிழாசிரியர் பணியைத் தாழ்வாகக் கருதிய அந்நாளில், அப்பணியையே விரும்பி அதே கல்லூரியில் ஏற்றார்.

வகுப்பு முடிந்தபின் ஆர்வமுடைய மாணவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துத் தனியே பாடம் சொன்னார். அவர்களை இயற்றமிழ் மாணவர் என வழங்கினார். தேர்வை எண்ணாது தமிழை எண்ணிக் கூடிய சிறு குழாம் அது.

1897இல் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அவரும் ஞானபோதினி இதழைத் தொடங்கினர். அதில் வந்த தம் பாடல்களை 1899இல் தனிப்பாசுரத்தொகை என்னும் நூலாக்கியபோது, தம் பெயரை மறைத்தார். சூரியன் பரிதியாக, நாராயணன் மாலாக, சாஸ்திரி கலைஞராகப் பரிதிமாற் கலைஞர் தோன்றினார். ஆங்கிலப் பதினான்கடிப் பாவைத் தழுவிய அப்புது முயற்சியை, எழுதியவர் யாரெனப் பாராது கற்றோர் மதிப்பிட வேண்டும் என்பதே அவர் கருத்து. ஜி. யு. போப் அப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்க 1902இல் முயற்சி எழுந்தபோது, நண்பருடன் நின்று எதிர்த்தார். தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவிய தமிழ்மொழியின் வரலாறு 1903இல் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் காசநோய் அவரைக் கொண்டுசென்றது. அகவை 33.

செம்மொழி என்னும் அறிவிப்பை இந்திய அரசு வெளியிட 2004 வரை ஆயிற்று. பாட்டின் தகுதியை அறியத் தம் பெயரை ஒளித்தார் அவர். ஒளித்துக்கொள்ளப் புனைந்த பெயராலேயே தமிழுலகம் இன்றும் அவரை அழைக்கிறது.