லியோனார்டு ஆய்லர்

லியோனார்டு ஆய்லர் (ஏப்ரல் 15, 1707 - செப்டம்பர் 18, 1783) சுவிட்சர்லாந்தில் பிறந்த கணிதவியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். சைன், கோசைன் முதலியவற்றை எண்களின் சார்புகளாகக் கையாளும் முறையை நிலைநாட்டியவர் இவர். முக்கோணவியல் சார்புகளின் ஆட்களத்தையும் வீச்சகத்தையும் காண்பதற்கு இம்முறையே அடிப்படையாகும்.

வாழ்க்கை

ஆய்லர் பாசெல் நகரில் பிறந்தார். தந்தை பவுல் ஆய்லர் கிறித்தவ மதபோதகர். மகனும் அப்பணியையே ஏற்கவேண்டும் என விரும்பினார். ஆய்லரின் திறனை உணர்ந்த யோகான் பெர்னூலி, அவரைக் கணிதத்துறைக்குத் திருப்பினார். 1727 இல் ஆய்லர் சென் பீட்டர்ஸ்பேர்க் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1734 இல் கத்தரினா கிசெல் என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த 13 குழந்தைகளுள் ஐவரே வளர்ந்து பெரியவர்களாயினர். 1741 முதல் 1766 வரை பெர்லினில் பணியாற்றிய ஆய்லர், பின்னர் உருசியாவுக்குத் திரும்பினார்.

முக்கோணவியல்

ஆய்லருக்கு முன்னர் சைன் என்பது பெரும்பாலும் குறிப்பிட்ட ஆரமுடைய வட்டத்தில் வரையப்படும் ஒரு கோட்டின் நீளமாகவே கருதப்பட்டது. ஆரம் மாறினால் அதன் மதிப்பும் மாறும். 1748 இல் வெளியான முடிவிலிப் பகுப்பாய்வு அறிமுக நூலில், ஆய்லர் ஆரத்தை 1 எனக் கொண்டார். இதனால் சைன் வெறும் எண்ணாயிற்று. கோணமும் வில்லின் நீளத்தைக் குறிக்கும் எண்ணாயிற்று.

இதன்படி, எந்த மெய்யெண்ணுக்கும் சைன், கோசைன் மதிப்புகள் உண்டு. எனவே இவற்றின் ஆட்களம் மெய்யெண்கள் அனைத்தும் ஆகும். ஓரலகு வட்டத்தின் புள்ளிகள் மையத்திலிருந்து 1 அலகு தொலைவிலேயே இருப்பதால், வீச்சகம் -1 முதல் 1 வரை அமைகிறது. டேன்ஜெண்ட் என்பது சைனைக் கோசைனால் வகுத்துப் பெறுவது. கோசைன் சுழியாகும் 90°, 270° போன்ற கோணங்கள் அதன் ஆட்களத்தில் இடம்பெறா. வீச்சகமோ மெய்யெண்கள் அனைத்தும் ஆகும்.

அதே நூலில் ஆய்லர் முக்கோணவியல் சார்புகளை அடுக்குக்குறிச் சார்புடன் இணைத்தார். அவரது வாய்பாட்டில் கற்பனை எண் i ஐ இட்டால், கோசைனின் மதிப்பு ஏறத்தாழ 1.543 எனக் கிடைக்கிறது. ஆட்களம் விரிந்தால் வீச்சகமும் விரியக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

பார்வை இழப்பு

1738 இல் ஆய்லரின் வலக்கண் பெரிதும் பார்வையிழந்தது. 1766 இல் இடக்கண்ணிலும் கண்புரை தோன்றியது. 1771 இல் செய்யப்பட்ட அறுவை மருத்துவம் சிறிது காலமே பயனளித்தது. எனினும் அவரது பணி குன்றவில்லை. நீண்ட கணக்குகளை மனத்திலேயே செய்து, மகன் யோகான் ஆல்பிரெக்ட், நிக்கோலசு ஃபுசு முதலிய உதவியாளர்களைக் கொண்டு எழுதுவித்தார். நிலவின் இயக்கம் குறித்த அவரது இரண்டாம் பெருநூல் 1772 இல் இவ்வாறே உருவானது. அவருடைய ஆக்கங்களுள் ஏறத்தாழப் பாதி இக்காலத்தவை.

மறைவு

மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் ஆய்லர் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் காலமானார். அவரது ஆக்கங்களின் முழுத்தொகுப்பு 1911 முதல் வெளியிடப்பட்டு வந்துள்ளது.